ஏழும் நான்கும்: ஒரு காத்திருப்பின் வரலாறு

களனிவெளிக் குறுகிய இருப்புப்பாதை அவிசாவளை, இரத்தினபுரி வழியாகச் சென்று ஓப்பநாயக்கவில் முடிவுற்றது. அப்பாதையை அண்டிய சப்பிரகமுவப் பெருந்தோட்டங்களின் லயன் அறைகளில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோர், 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். அதன்பின் அவர்தம் வாழ்வு நீண்டதொரு வரிசையிற் காத்து நிற்பதாயிற்று. அவ்வரிசையை இயக்கிய விதி யாது என்பதை ஈண்டு நோக்குவோம்.

காத்திருப்போர் வரிசையைக் கணித ஆய்வுக்குரியதாக்கியவர் டென்மார்க்கின் ஏ. கே. ஏர்லாங். கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்திற் பணியாற்றிய அவர், 1909 இல் இத்துறையின் முதற் கட்டுரையை வெளியிட்டார். யாரை முன்னர் அழைப்பது என்னும் வினாவைப் பின்வந்தோர் ஆராய்ந்தனர். காத்திருத்தலால் மிகுந்த இழப்புறுவோரையும், விரைவில் முடிக்கத்தக்க பணியையும் முற்படுத்தினால் மொத்த இழப்புக் குறையும் என்பது அவர்தம் முடிபு.

1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கருதியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என வகுக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். முதலிரு தொகைகளின் விகிதம் 7:4. 1967 ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டப்படி, எழுவர் இந்தியப் பிரஜைகளானால் நால்வர் இலங்கைப் பிரஜைகளாகலாம். 1971 இன் திருத்தமோ, எழுவர் இந்தியா சென்றடைந்தாலன்றி நால்வருக்கு உரிமையில்லை என்றாக்கியது.

இதனால் ஒரு சாளரத்தின் கதவு மற்றதன் வேகத்துக்குக் கட்டுண்டது. மக்களின் விருப்போ வகுத்த தொகைகளுக்கு மாறாக இருந்தது. இந்தியாவை நாடியோர் 525,000 ஐ எட்டவில்லை. இலங்கையை நாடியோர் 300,000 ஐ மிக விஞ்சினர். நெடுநாட் காத்தவரையோ, இழப்பு மிகுந்தவரையோ இவ்விதி முற்படுத்தவில்லை. அது விகிதத்தையே முற்படுத்தியது. ஒரே குடும்பத்தினர் இரு வரிசைகளிற் பிரிந்து நின்றமையும் உண்டு. 1984 இல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற் சேவை நின்றபோது, அவ்விதியின்கீழ் இரு வரிசைகளும் ஒருங்கே தேங்கின.

வரிசை கரைந்தது கப்பல் விரைந்தமையால் அன்று, விகிதம் கைவிடப்பட்டமையாலேயே. 1986, 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள், எஞ்சிய நாடற்றோர்க்கு எவரது பயணத்தையும் எதிர்பாராது பிரஜாவுரிமை வழங்கின. 1948 இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள்! விதி வகுத்தோர் அக்காலத்தில் எதனையும் இழக்கவில்லை; காத்திருப்பின் விலை முழுவதும் காத்திருந்தோர் தலையிலேயே விழுந்தது. எந்த வரிசையையும் ஆராய்வோர் முதலில் வினவற்பாலது, அவ்விலையைச் செலுத்துவோர் யார் என்பதே.