மேசைக்கு முன்னால் ஒரே நாற்காலி

2001-ல் அப்பா எங்கள் பாளையங்கோட்டை வீட்டுக்கு ஒரு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கினார். கூடவே ஒரு கம்ப்யூட்டர் டேபிளும் வந்து இறங்கியது. கீபோர்டுக்கு இழுப்புத் தட்டு, வலப்பக்கம் சிபியு நிற்க ஓர் அறை, நடுவில் ஒருவர் கால் நீட்ட மட்டும் இடம். அந்த இடத்துக்குள் நானும், என்னைவிட இரண்டு வயது சின்னவனான தம்பியும் இரண்டு ஸ்டூலைப் போட்டு, முழங்கால் இடிக்க உட்கார்ந்து ‘நீட் ஃபார் ஸ்பீடு’ மூன்றாம் பாகம் ஆடினோம். 1998-ல் வந்த கார்ப் பந்தயம் அது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் அபூர்வமாக அதில் ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் இருந்தது. பதினைந்து அங்குல மானிட்டரில் பாதி எனக்கு, பாதி அவனுக்கு.

நான் வளைவில் திரும்பும் நேரம் பார்த்து அவன் வேகமெடுத்தால் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். என் கார் திரும்பாமல் நேரே போய்ச் சுவரில் மோதும். வேண்டுமென்றே செய்கிறான் என்று அவனை அடித்திருக்கிறேன். “எக்கா, நான் ஒண்ணும் செய்யலக்கா” என்று அழுதிருக்கிறான். அவன் சொன்னது உண்மை. சாதாரணக் கீபோர்டுக்குள் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிக் கம்பி கிடையாது. குறுக்கும் நெடுக்குமாக ஒரு கட்டம் ஓடுகிறது. மூன்று நான்கு பொத்தான்கள் ஒரே நேரத்தில் அழுந்தினால், எது நிஜமாக அழுத்தப்பட்டது என்று அதற்குத் தெரியாமல் போய்விடும்; சந்தேகமானதை ஏற்காமல் விட்டுவிடும். ஒருவர் பத்து விரலால் கடிதம் அடிப்பதற்கு அது போதும். இரண்டு பேர் கார் ஓட்டப் போதாது. இதை நான் தெரிந்துகொண்டது கல்லூரியில்தான்.

ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் ஏன் கம்ப்யூட்டரில் அரிதாகப் போனது என்று கேட்டால், ஒரே காட்சியை இரண்டு கோணத்தில் இரண்டு முறை வரைய வேண்டும், இயந்திரத்துக்கு அந்தச் சக்தி இல்லை என்பார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் காரணம் அதுவாகவே இருந்திருந்தால் 1996-ல் வந்த, டிவியில் மாட்டும் விளையாட்டுக் கன்சோலான நின்டெண்டோ 64 அந்தப் பக்கமே போயிருக்கக் கூடாது. 4 மெகாபைட் நினைவகம் கொண்ட அந்தப் பெட்டியின் முகப்பில் நான்கு கன்ட்ரோலர் செருகும் துளைகள் இருந்தன. அடுத்த ஆண்டு அதில் வந்த ‘கோல்டன்ஐ 007’ திரையை நான்காகவே வெட்டியது. நான்கு பேர் ஆடும்போது படம் விக்கித்தான் ஓடியது. யாரும் அதற்காக எழுந்து போகவில்லை. அந்த நால்வர் ஆட்டத்தை, முக்கிய வேலையெல்லாம் முடியும் தறுவாயில், கடைசி மாதங்களில்தான் சேர்த்தார்கள். இன்று அந்த விளையாட்டைச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவு வருவது அதுதான்.

ஆகவே நான் சக்தியைத் தேடவில்லை, நாற்காலியைத் தேடுகிறேன். கம்ப்யூட்டரில் ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் எப்போதுமே இல்லாமல் இருந்ததில்லை. 1982-ல் வந்த கமடோர் 64 வீட்டு டிவியில் மாட்டுகிற கம்ப்யூட்டர். அதன் பக்கவாட்டில் இரண்டு ஜாய்ஸ்டிக் துளைகள். 1984-ல் அதற்கு ‘பிட்ஸ்டாப் 2’ வந்தது: மேலே ஒரு கார், கீழே ஒரு கார். அதே ஆண்டு ‘ஸ்பை வெர்சஸ் ஸ்பை’: மேல் பாதியில் ஒரு ஒற்றன், கீழ்ப் பாதியில் அவன் எதிரி, இருவரும் ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் பொறி வைத்துக்கொண்டு திரிவார்கள். 1993-ல் அமிகா கம்ப்யூட்டருக்கு வந்த ‘த செட்லர்ஸ்’ இரண்டு மவுஸ்களையே ஏற்றுக்கொண்டது. டிவி இருந்த இடத்தில் குடும்பம் இருந்தது, குடும்பம் இருந்ததால் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கும் இருந்தது.

நம் மேசைகளுக்கு வந்து சேர்ந்தது அந்த வம்சம் இல்லை. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட பர்சனல் கம்ப்யூட்டரின் வம்சம். அலுவலகத்தில் ஒருவர் கணக்குப் பார்க்க, கடிதம் அடிக்கச் செய்தது. அதற்கென்று ஐபிஎம் விற்ற பச்சை எழுத்து மானிட்டரின் அளவு பதினொன்றரை அங்குலம். ஜாய்ஸ்டிக் வேண்டுமென்றால் தனியே ஓர் அட்டை வாங்கிச் செருக வேண்டும். பின்னால் விண்டோஸ் வந்தபோதும் அதே பழக்கம். இரண்டு மவுஸ்களை மாட்டிப் பாருங்கள், இரண்டும் ஒரே அம்புக்குறியைத்தான் இழுக்கும். பெயரிலேயே ‘பர்சனல்’ இருக்கிறது. அது வெறும் பெயராக இருக்கவில்லை.

அப்புறம் கம்பி வந்தது. 1993 டிசம்பர் 10 அன்று இட் சாஃப்ட்வேர் ‘டூம்’ விளையாட்டை வெளியிட்டது. நான்கு கம்ப்யூட்டர்களை லேன் என்ற உள்வலையில் இணைத்தால் நான்கு பேர் ஆளுக்கொரு முழுத் திரையில் ஒருவரையொருவர் வேட்டையாடலாம். முதல் பதிப்பு தன் செய்தியை வலையிலுள்ள எல்லா இயந்திரங்களுக்கும் அனுப்பியதால் அலுவலக, பல்கலைக்கழக வலைகள் திணறின. சில இடங்களில் தடையே போட்டார்கள். அதற்குப் பிறகு சிபியுவையும் கனத்த மானிட்டரையும் காரில் ஏற்றிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போகும் லேன் பார்ட்டிகள் பெருகின. திரையை வெட்ட வேண்டிய அவசியமே கம்ப்யூட்டர்காரர்களுக்கு இல்லாமல் போயிற்று.

தனித் திரைக்கு ஒரு நியாயமும் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். சுவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பது தெரியாமல் இருந்தால்தான் ‘டூம்’ ஆட்டத்தில் பயம் இருக்கும். ‘ஸ்டார்கிராஃப்ட்’ போன்ற படை நடத்தும் விளையாட்டில் எதிராளியின் பாசறை கண்ணில் பட்டுவிட்டால் ஆட்டமே இல்லை. பாதித் திரையில் எட்டிப் பார்ப்பதை யாரும் தடுக்க முடியாது. வியாபாரமும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. ஒரு திரை என்றால் ஒரு பிரதி, நான்கு திரை என்றால் பெரும்பாலும் நான்கு பிரதி. 1995-ல் ‘கமாண்ட் அண்டு காங்கர்’ இரண்டு சிடிகளோடு வந்தது. ஒன்றை நண்பருக்குக் கொடுத்து இருவரும் ஆடலாம். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் பிடிக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே விளையாட்டில் பார்க்க வேண்டுமென்றால் ‘ஹேலோ’. 1999 ஜூலையில் மேக்வேர்ல்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் அதை அறிமுகப்படுத்தினார், மேக் கம்ப்யூட்டருக்கான விளையாட்டாக. மறு ஆண்டு அதைச் செய்துகொண்டிருந்த பஞ்சி நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2001 நவம்பரில் ‘ஹேலோ’ மைக்ரோசாஃப்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸில் வந்தபோது, அதன் கதை முழுவதையும் இரண்டு பேர் ஒரே சோபாவில் உட்கார்ந்து பாதித் திரைகளில் சேர்ந்து ஆடலாம். 2003-ல் அது விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு வந்தது. இணையத்தில் பதினாறு பேர் மோதலாம், ஆனால் இரண்டு பேர் சேர்ந்து ஆடும் கதை காணாமல் போயிருந்தது. டிவிக்கு முன்னால் வந்தபோது பாதித் திரை கிடைத்தது; மேசைக்குப் போனதும் அது உதிர்ந்துவிட்டது.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அதே 2003 வாக்கில் எங்கள் பக்கத்து பிரவுசிங் சென்டரில் லேன் போட்டு ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ ஓட ஆரம்பித்தது. பிளைவுட் தடுப்புகளுக்குள் ஆளுக்கொரு கம்ப்யூட்டர், தடுப்புக்கு மேலே சத்தம். தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பெண்பிள்ளைகள் அங்கே விளையாடப் போவது எங்கள் தெருவில் வழக்கமில்லை. நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. சாயங்காலம் திரும்பி வந்து யாரை எப்படிச் சுட்டான் என்று சொல்வான், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வீட்டு மானிட்டரின் பாதி என்னுடையதாக இருந்தது. பிரவுசிங் சென்டரில் எனக்கென்று ஒரு மூலைகூட இல்லை. சொந்த இயந்திரம் இல்லாதவருக்கும், கையில் மணிக்கணக்குக் காசு இல்லாதவருக்கும், வெளியே போக முடியாதவருக்கும் ஆட்டத்தில் இடம் தந்தது அந்த வெட்டுத் திரைதான். அதனால்தான் அதன் மறைவை ஒரு தொழில்நுட்பச் செய்தியாக மட்டும் என்னால் பார்க்க முடிவதில்லை.

பின்னால் கம்ப்யூட்டரிலேயே அதை மீட்டெடுத்தவர்கள் உண்டு. 2008-ல் வந்த ‘லெஃப்ட் 4 டெட்’ விளையாட்டின் எக்ஸ்பாக்ஸ் பதிப்பில் பாதித் திரை இருந்தது. கம்ப்யூட்டர் பதிப்பின் மெனுவில் இல்லை. ஆனால் நிரல் உள்ளே அப்படியே கிடந்தது. கட்டளை வரியில் சிலவற்றை அடித்தால் திரை இரண்டாகும் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கன்சோல்களோ எதிர்த்திசையில் போயின. 2015-ல் ‘ஹேலோ 5’ பாதித் திரையை முழுவதுமாக விட்டது.

2021 மார்ச்சில் யோசெஃப் ஃபாரெஸின் ஹேஸ்லைட் நிறுவனம் ‘இட் டேக்ஸ் டூ’ வெளியிட்டது. அதை ஒருவர் தனியே ஆடவே முடியாது. ஒரே கம்ப்யூட்டரில் ஆடினால் ஒருவர் கீபோர்டும் மவுஸும், மற்றவர் கன்ட்ரோலர். எங்கள் பழைய ‘பீப்’ தகராறுக்கு வழியே இல்லை. தூரத்திலிருந்து ஆடினால் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் இலவசமாகச் சேரலாம். அப்போதும் திரை வெட்டியேதான் இருக்கும்.

நான் சென்னையில், தம்பி கோயம்புத்தூரில். ஞாயிறு இரவுகளில் ஆடினோம். அவனுக்கு அங்கே முழு மானிட்டர், எனக்கு இங்கே முழு மானிட்டர். இரண்டிலும் நடுவே கோடு. முதல் நாள், தாவ வேண்டிய ஒரு பலகைக்கு முன்னால் நான் தயங்கி நின்றபோது ஹெட்போனில் குரல் வந்தது: “எக்கா, அங்க போவாத, இடப்பக்கம் பாரு.” அவன் தன் பாதியை விட்டுவிட்டு என் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.