உடல்வாகு பாராத பரிசோதனை

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு நடக்கும் சர்க்கரைப் பரிசோதனை ஆள் பார்த்துச் செய்யப்படுவதில்லை. குண்டானவரானாலும் ஒல்லியானவரானாலும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம். ஒரு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு. இந்த முறைக்கு வழிவகுத்த கிராமப்புறக் கணக்கு திருவள்ளூர் மாவட்டத்தில் எடுக்கப்பட்டது.

தாய்சேய் நலத்தின் நீண்ட வரலாற்றில் எடை என்றாலே பற்றாக்குறைதான். 1844இல் தோன்றிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் காலம் தொட்டு மருத்துவர்கள் மல்லாடியது ரத்தசோகை, பிரசவ ஜன்னி, வலிப்பு ஆகியவற்றோடு. 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டமும் ஏழைக் கர்ப்பிணியின் ஊட்டத்தையும் ஓய்வையும் நினைத்தே வகுக்கப்பட்டது. முதலில் 300 ரூபாயாக இருந்த உதவி பின்னர் 18,000 ரூபாய் வரை உயர்ந்தது. ‘ரெண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு’ என்ற வீட்டுப் பெரியவர்களின் பேச்சும், எடை ஏறியதா என்று பார்த்த செவிலியரின் அக்கறையும் ஒரே திசையில்தான் சென்றன.

பருமன் கவலையாக மாறியது பின்னால். தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை கொண்டோர் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4. மிகுந்த எடையோடு கருவுறும்போது நீரிழிவு, ரத்த அழுத்தம், அறுவைப் பிரசவம் ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது மறுக்க முடியாதது. ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு, யாருக்குச் சோதனை செய்வது என்பதையும் எடையே தீர்மானிக்கலாம் என்று முடிவு கட்டியதுதான் கோளாறு. மேலைநாடுகளில் வெகுகாலம் அப்படித்தான் நடந்தது. வயது கூடியவர், பருமனானவர், குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர் ஆகியோரை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். பருமனான பெண் உள்ளே வரும்போதே நோயாளியாகப் பார்க்கப்பட்டார். மெலிந்தவரின் சர்க்கரையோ கண்ணில் படாமலே போனது. மெலிந்த உடலிலும் கொழுப்பு விகிதம் மிகுந்திருப்பது இந்தியர்களிடம் சாதாரணம் என்பதால், இரண்டாவது தவறு இங்கே பெரிய தவறு.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையை உருவாக்கிய மருத்துவர் வீ. சேஷையா இதற்கு மாற்றாக எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று வாதாடினார். அவருடைய குழு சென்னை மாநகர், சைதாப்பேட்டைச் சுகாதார மாவட்டம், திருவள்ளூர்க் கிராமங்கள் ஆகிய மூன்று களங்களில் 12,056 கர்ப்பிணிகளைச் சோதித்தது. கர்ப்பகால நீரிழிவு நகரில் 17.8, சைதாப்பேட்டையில் 13.8, திருவள்ளூரில் 9.9 விழுக்காட்டினருக்கு இருந்தது. கடைசி எண்தான் கவனிக்கத்தக்கது. நகரத்து நோய் என்று கருதப்பட்டது கிராமத்துப் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருந்தது. 3,945 பேரில் 392 பேர். முடிவுகள் 2008இல் வெளியாயின. அதற்கு முந்தைய ஆண்டே, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சோதனை கட்டாயம் என்று தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் இதே முறையைத் தன் வழிகாட்டு நெறியில் ஏற்றது.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லாததும் யோசித்துச் செய்ததே. பேருந்து பிடித்து வருகிற கர்ப்பிணியை ‘நாளைக்குச் சாப்பிடாமல் வா’ என்று திருப்பி அனுப்பினால், பலர் திரும்பி வருவதில்லை. நோய் உறுதியானால் முதல் மருந்து உணவுமுறையும் நடையும். இரண்டு வாரத்தில் அளவு கட்டுக்குள் வராவிட்டால் மாத்திரை அல்லது இன்சுலின். இங்கே குறி ரத்தச் சர்க்கரைதான், மெலிவதல்ல. 2009இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அளவுகோல்கூட, உடல் நிறை எண் 30ஐத் தாண்டிய பெண்ணும் கர்ப்பத்தில் 5 முதல் 9 கிலோ கூடலாம் என்றே சொல்கிறது.

சோதனைக்கு வெளியே நிலைமை அவ்வளவு சீராக இல்லை. பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தால் இல்லாத அழுத்தம் இருப்பதாகக் காட்டும். பெரிய பட்டை விலை உயர்ந்த கருவியல்ல. ஆனாலும் வாங்கிவைக்க யாருக்காவது தோன்ற வேண்டும்.

கருத்தரிப்பு சிகிச்சையில் எடை இன்னும் வாசற்காவலாக நிற்கிறது. நியூசிலாந்தில் அரசுச் செலவில் சிகிச்சை பெற உடல் நிறை எண் 32க்கு மேல் இருக்கக்கூடாது. ‘முதலில் எடையைக் குறை, பிறகு வா’ என்ற அறிவுரையை நெதர்லாந்தில் 577 பெண்களிடம் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் எடை குறைப்புப் பயிற்சி பெற்ற குழுவில் 27.1 விழுக்காட்டினரும், உடனே சிகிச்சை தொடங்கிய குழுவில் 35.2 விழுக்காட்டினரும் இரண்டாண்டுக்குள் நலமான ஒற்றைக் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்றனர். இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பெண்ணுக்கு 21 முதல் 50 வரை வயது வரம்பு வைத்தது. எடைக்கு வரம்பு வைக்கவில்லை. அந்த முடிவு சிகிச்சை தரும் மருத்துவரிடம் விடப்பட்டிருக்கிறது.