ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடி



1972 ஆகஸ்டு 30ஆம் நாள், மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடவர் 400 மீட்டர் தனிநபர் பலபாணி நீச்சல் இறுதிப் போட்டி. வண்ணத்துப்பூச்சி, மல்லாந்து, நெஞ்சு, விருப்பம் ஆகிய நான்கு பாணிகளிலும் ஒருவரே நூறு நூறு மீட்டர் நீந்தவேண்டும்.

சுவீடனின் குன்னார் லார்சனும் அமெரிக்காவின் டிம் மெக்கீயும் 4 நிமிடம் 31.98 நொடியில் முடித்தனர். நடுவர்கள் மின்கருவியின் மூன்றாம் தசம எண்ணையும் பார்த்தார்கள். லார்சனுக்கு 31.981, மெக்கீக்கு 31.983. தங்கம் லார்சனுக்கு, வெள்ளி மெக்கீக்கு.

நாம் கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த நேரத்தில் நீந்தக்கூடிய தூரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். 50 மீட்டர் குளத்தின் எல்லாப் பாதைகளையும் அவ்வளவு சரியாகக் கட்ட இயலாது. பாதை சற்று நீண்டிருந்தால் அந்தக் குறை நீந்துபவர் தலையில் விழும். எடைக்கல் சரியில்லாத தராசில் முள் எவ்வளவு நுட்பமாக இருந்து என்ன பயன்?

பின்னர் விதி மாறியது. நூறில் ஒரு பங்கு நொடி வரை சமமென்றால் பதக்கமும் சமம். 2016இல் ரியோவில் சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வென்ற 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சிப் போட்டியில், அடுத்து 51.14 நொடியில் வந்த மூவருக்கும் வெள்ளி கிடைத்தது. மெக்கீயின் பதக்கம் மாறவில்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு நியாயம் கிடைத்தது.