கோமாளிகளைக் காணச் சென்ற கதை

1997ஆம் ஆண்டளவில் வெள்ளவத்தையில் வீடியோ கசெட்டுகள் வாடகைக்கு விடும் கடையொன்றிலிருந்து 'மிஷன் இம்பொசிபிள்' என்ற ஹொலிவூட் படத்தை எடுத்துவந்து பார்த்தேன். என்னோடு அமர்ந்து பார்த்தவர் அயல்வீட்டுப் பெரியவர். லண்டனில் பல ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றித் திரும்பியவர். அங்கே இதே பெயரில் ஒளிபரப்பான பழைய தொலைக்காட்சித் தொடரை ஒருவாரமும் தவறவிடாமல் பார்த்தவர்.

டொம் குரூஸ் ஓடும் ரயிலின் மேல் தொங்கியதை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்ததும் பெரியவர் எழுந்து, "தம்பி, பெயரையும் எடுத்திட்டாங்கள், அந்த இசையையும் எடுத்திட்டாங்கள். ஆக்களைத்தான் விட்டிட்டாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ திரை விமர்சனங்களைச் செப்பனிட்டிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமான விமர்சனம் என் மேசைக்கு வந்ததில்லை.

அவரது கோபத்தில் நியாயம் இருந்தது. 1966 முதல் 1973 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான அத்தொடரின் உயிர் ஒரு தனி வீரனிடம் இருக்கவில்லை. வேடம் போடுபவர், இயந்திரம் அறிந்தவர், பலசாலி, அறிவுக்கூர்மை மிக்க ஒரு பெண், இவர்களை வழிநடத்தும் தலைவர் எனக் குழுவாகச் சேர்ந்து காரியம் முடிப்பதே அதன் சுவை. 1996 மே மாதம் வெளியான பிரையன் டி பால்மாவின் படமோ தொடக்கத்திலேயே அந்தக் குழுவைக் கொன்றுவிடுகிறது. போதாதற்கு, இரசிகர்கள் ஆண்டுக்கணக்காக நம்பியிருந்த தலைவர் ஜிம் ஃபெல்ப்ஸையே துரோகியாக்கி விடுகிறது. தொடரில் அப்பாத்திரமாக வாழ்ந்த பீற்றர் கிரேவ்ஸ் இந்த மாற்றத்தை விரும்பவில்லை. படத்தில் அவ்வேடத்தை ஏற்றவர் ஜோன் வொய்ற். தொடரின் மற்றொரு நடிகரான கிரெக் மொரிஸ், படம் முடியும் முன்னரே அரங்கை விட்டு வெளியேறினார். ஆயினும் படம் உலகெங்கும் 45 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. தொடரைக் கண்டிராத என் போன்றோருக்கு அது ஒரு விறுவிறுப்பான படம். கண்டவர்களுக்கோ வீட்டுக்கு வந்துபோன உறவினரை அவதூறு செய்ததைப் போன்றது.

அன்றிரவு எனக்கு நினைவில் வந்தது ஹொலிவூட் அல்ல. 1976ஆம் ஆண்டு, எனது எட்டாவது வயது, நாங்கள் வாழ்ந்த களனி.

அக்காலத்தில் இலங்கையில் தொலைக்காட்சி கிடையாது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும்தான் வந்தன. எங்களுக்கு எல்லாமாக இருந்தது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை. அதில் 'கோமாளிகளின் கும்மாளம்' தொடங்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் பேசக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. எஸ். ராமதாஸ் எழுதிய நகைச்சுவைத் தொடர் அது. மரைக்காராக அவரே பேசினார். அப்புக்குட்டியாக ரி. ராஜகோபாலும், உபாலியாக எஸ். செல்வசேகரனும், ஐயராக பி.எச். அப்துல் ஹமீதும் குரல் கொடுத்தனர்.

இங்கே சற்று நின்று கவனிக்க வேண்டும். முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசி நாடு முழுவதையும் சிரிக்க வைத்த ராமதாஸ் முஸ்லிம் அல்லர். பிராமணத் தமிழில் வெளுத்துக் கட்டிய ஐயரோ, முஸ்லிமான அப்துல் ஹமீத். சிங்களவர் பேசும் கொச்சைத் தமிழைப் பேசிய உபாலி ஒரு தமிழர். யாழ்ப்பாணத்து அப்புக்குட்டியும் சேர, இந்தத் தீவில் தமிழ் எத்தனை வாய்களில் எத்தனை விதமாக வழங்கியதோ அத்தனையும் ஒரே அறையில் கூடிச் சண்டையிட்டுச் சமாதானமாயின. எங்கள் அயலில் இருந்த சிங்களக் குடும்பத்துத் தலைவர் தமிழ் அரைகுறையாகத்தான் அறிவார். ஆனால் உபாலியின் குரலைக் கேட்பதற்கென்றே எங்கள் விறாந்தைக்கு வருவார். தன்னைப் போலவே ஒருவன் வானொலியில் தடுமாறுகிறான் என்பதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம்.

ஒருவரது பேச்சுவழக்கை மற்றவர் போலிசெய்து சிரிப்பது எப்போதும் குற்றமற்றது என்று நான் வாதிட மாட்டேன். அந்தச் சிரிப்பில் கேலியும் கலந்திருந்தது. ஆனால் கேலி ஒருவர் மீது மட்டும் விழாமல் நால்வர் மீதும் சமமாக விழுந்ததால், எவரும் எழுந்து போகவில்லை.

அத்தொடர் திரைப்படமாகிறது என்ற செய்தி வந்தபோது வீட்டில் இரண்டு கட்சிகள் உருவாயின. அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் 1972இல் இயங்கத் தொடங்கியபின், உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கியிருந்த காலம் அது. 1975இல் 'புதிய காற்று' படத்தை இயக்கிய எஸ். இராமநாதனே 'கோமாளிகள்' படத்தையும் இயக்கினார். கதை வசனம் ராமதாஸ். அம்மா, "குரலிலே இருக்கிற சிரிப்பு முகத்திலே வருமா? பார்த்தால் கெட்டுப்போகும்" என்றார். அப்பாவோ முதல் வாரமே எங்களைப் பேருந்தில் ஏற்றிக் கொட்டாஞ்சேனைக்கு அழைத்துச் சென்றார். அயல்வீட்டுச் சிங்களவரும் கூடவே வந்தார்.

அன்று அரங்கில் நிகழ்ந்ததை நான் மறக்கவில்லை. நால்வரில் ஒருவர் திரையில் தோன்றியதும், அவர் வாய் திறக்கும் முன்பே, "இவன்தான், இவன்தான்!" என்று ஊகங்கள் பறந்தன. வாய் திறந்ததும் எழுந்த கரகோஷத்தில் வசனம் மூழ்கிப்போனது. எனக்கு மட்டும் சிறு ஏமாற்றம். மாதக்கணக்காக நான் மனத்தில் வரைந்து வைத்திருந்த அப்புக்குட்டி வேறொருவர். சில நிமிடங்கள் திரையில் நின்றவரை நான் ஏற்றுக்கொள்ளவேயில்லை. பிறகு கண்ணை மூடிக் கேட்டேன், அதே குரல். திறந்தேன்; முகமும் சரியாகிவிட்டது.

படம் வெற்றி பெற்றது. பின்னாளில் இலக்கிய நண்பர்கள் சிலர், அது வானொலி நாடகத்தைப் படம்பிடித்ததே தவிரச் சினிமா அல்ல என்று ஒதுக்கக் கேட்டிருக்கிறேன். கலையளவுகோலில் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரசிகர்கள் கொட்டாஞ்சேனைக்குச் சென்றது சினிமாக் கலையைக் காண அல்ல. தாம் அறிந்த நால்வரும் அப்படியே சேர்ந்திருக்கிறார்களா என்று காண. சேர்ந்திருந்தார்கள். எழுதியவரும் அவரே, பேசியவர்களும் அவர்களே. வெள்ளவத்தைப் பெரியவர் ஹொலிவூட்டிடம் எதிர்பார்த்து ஏமாந்தது இதைத்தான். பழைய நிகழ்ச்சியொன்றை மீண்டும் எடுக்கும்போது கதையை மாற்றினால் இரசிகன் பொறுத்துக்கொள்வான். அதில் இருந்த கூட்டைக் கலைத்தால் பொறுக்க மாட்டான். வசூல் எவ்வளவாயினும் அக்கணக்கு வேறு, இக்கணக்கு வேறு.

ஆனால் எங்கள் கூட்டைக் கலைத்தது எந்தப் படமும் அல்ல. 1983 ஜூலையில் களனியில் எங்கள் வீடு எரிந்தது. நாங்கள் மூன்று இரவுகள் ஒளிந்திருந்தது, கொட்டாஞ்சேனைக்கு எங்களோடு படம் பார்க்க வந்த அதே சிங்கள அயலவரின் பின்னறையில். அதே நாட்களில், களனி கங்கைக்கு வடக்கே ஹெந்தளையில், கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோவும் தீக்கிரையாயிற்று. பல படங்களின் மூலப் பிரதிகளும் அதில் அழிந்தன; சிங்களப் படங்களும் தப்பவில்லை. அப்புக்குட்டியும் உபாலியும் பிரிந்தார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் யாவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, அப்புக்குட்டியின் ஊரில் மரைக்காருக்கும் இடமில்லாமல் போயிற்று. எழுதிய ராமதாஸ் பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்து 2016இல் காலமானார்.

'கோமாளிகள்' படத்தை இன்று யாராவது மீண்டும் எடுத்தால் பார்ப்பீர்களா என்று என் மகள் அண்மையில் கேட்டாள். இந்தக் காலத்துக்கு ஏற்றபடி அடிதடிப் படமாகக்கூட எடுப்பார்கள் என்று சிரித்தாள். எடுக்கட்டும், பார்ப்பேன் என்றேன். நால்வரும் சண்டை போடட்டும், கார்களைக் கவிழ்க்கட்டும். நால்வரில் ஒருவரையேனும் துரோகியாக்கினால் மட்டும் நான் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். அந்தக் கதையை நாங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

எங்கள் அயலவர் இப்போது இல்லை. கடைசியாக அவரைக் களனியில் சந்தித்தபோது, என்னைக் கண்டதும் பழைய உபாலியின் குரலில் தடுமாறித் தடுமாறித் தமிழில் நலம் விசாரித்தார். அவருக்கு அதற்குள் நல்ல தமிழ் வந்திருந்தது. எனக்காக வேண்டுமென்றே பிழையாகப் பேசினார்.