ஓக் பார்க் உயர்நிலைப் பள்ளி

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ மாநகரத்தின் மேற்கெல்லையை ஒட்டி ஓக் பார்க் என்ற ஊர் இருக்கிறது. 1871-ஆம் ஆண்டில் சிகாகோவைச் சாம்பலாக்கிய பெருந்தீக்குப் பிறகு, மாநகரத்தின் நெரிசலையும் புகையையும் விட்டு விலகி, மரநிழலும் தோட்டமும் சூழ்ந்த வீட்டில் குடும்பத்தோடு வாழ விரும்பிய வியாபாரிகளும் வைத்தியர்களும் வக்கீல்களும் ரயில் வசதியை நம்பி இங்கே திரளாகக் குடியேறினர். மாதா கோயில்கள் மலிந்த அவ்வூரில் மதுக்கடைக்கு இடம் கிடையாது. அந்த விரதத்தை ஊரார் 1970-களின் தொடக்கம் வரையில் காத்து வந்தனர். இத்தகைய ஜனங்கள் அண்டை ஊரான ரிவர் ஃபாரஸ்டுடன் கூடி நடத்தி வரும் பொது உயர்நிலைப் பள்ளியின் சரித்திரம், ஓர் ஊர் தன் பிள்ளைகள் என்று யாரைக் கருதியது என்பதன் சரித்திரமே ஆகும்.

வரிப்பணத்தில் ஆரம்பக் கல்வி அளிப்பதை ஏற்றுக்கொண்ட அமெரிக்கர்களுள்ளும், லத்தீனும் க்ஷேத்திர கணிதமும் கற்பிக்கும் உயர்நிலைப் பள்ளிக்கு ஊரார் ஏன் வரி செலுத்த வேண்டும் என்று ஆட்சேபித்தவர் பலர் இருந்தனர். மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ நகரில் இது குறித்து எழுந்த ஒரு வழக்கில், வரி விதிப்பது நியாயமே என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 1874-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு நாடெங்கும் இப்பள்ளிகள் பெருகலாயின. ஆயினும் வீடு, மனைகளின் மதிப்பை ஒட்டி அந்தந்த வட்டாரத்தில் வசூலாகும் வரியே பள்ளியின் பிரதான ஆதாரமாக இருந்தமையால், செல்வம் மிக்க புறநகரின் பள்ளி செல்வம் மிக்கதாகவும், அவ்வூரில் வீடு கிடைக்காதவனுக்கு எட்டாததாகவும் அமைந்துவிட்டது.

கிடைத்த செல்வத்தை ஓக் பார்க் மக்கள் வீணாக்கவில்லை. 1910 முதல் மூன்று ஆண்டுகள் பாப் ஸப்கே என்னும் பயிற்சியாளரிடம் தேர்ந்த அமெரிக்கக் கால்பந்து அணியினர், 1912-ல் பாஸ்டன் வரையில் சென்று எவரெட் பள்ளி அணியை வென்று திரும்பினர். ஸப்கே அடுத்த ஆண்டே இல்லினாய் சர்வகலாசாலைக்குச் சென்று பெரும் புகழ் பெற்றார். அவர் சென்ற அந்த 1913-ல் பள்ளியில் சேர்ந்தவர், உள்ளூர் வைத்தியர் ஒருவரின் மகனும் பின்னாளில் எழுத்தாளருமான எர்னஸ்ட் ஹெமிங்வே. அவரும் தமக்கை மார்செலினும் ஒரே வகுப்பில் பயின்று, பள்ளியின் வாத்தியக் குழுவில் சேர்ந்து வாசித்து, 1917-ல் ஒன்றாகவே படிப்பை முடித்தனர்.

ஃபேனி பிக்ஸ் என்ற ஆசிரியை அங்கே நடத்திய பத்திரிகைத் தொழில் வகுப்பு விசேஷமாகக் குறிப்பிடத்தக்கது. அவர் வகுப்பறையையே ஒரு பத்திரிகாலயமாகப் பாவித்துப் பாடம் நடத்தினார். மாணவர் எழுதிய செய்திகள் 'டிரபீஸ்' என்ற பள்ளிப் பத்திரிகையில் அச்சேறும். கதைகளும் கவிதைகளும் 'டாபுலா' என்ற சஞ்சிகையில் வெளிவரும். வடநாட்டுக் காட்டில் பொறிவைத்து விலங்கு பிடிக்கும் இருவரைப் பற்றி ஹெமிங்வே எழுதிய சிறுகதை 1916-ல் 'டாபுலா'வில் பிரசுரமாயிற்று. பள்ளி முடிந்ததும் அவர் கல்லூரியை நாடாமல் 'கான்ஸஸ் ஸிட்டி ஸ்டார்' பத்திரிகையில் நிருபராக அமர்ந்தார் என்றால், பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தத் துணிவைத் தந்ததில் இவ்வகுப்புக்கும் பங்கு உண்டு என்றே சொல்ல வேண்டும்.

இத்தனை நன்மைகளும் எவருக்கு என்ற கேள்வி 1950-ல் வெளிப்படையாக எழுந்தது. சோயா மொச்சையிலிருந்து ஹார்மோன்களைத் தயாரிக்கும் வழி கண்ட கறுப்பின ரசாயன மேதை பெர்ஸி ஜூலியன் அவ்வாண்டில் ஓக் பார்க்கில் ஒரு வீட்டை வாங்கினார். குடும்பம் குடிபுகுமுன்பே அவ்வீட்டுக்குச் சிலர் தீ வைக்க முயன்றனர். மறு ஆண்டு வெடிகுண்டு எறிந்தனர். அவர் ஊரை விட்டுப் போகவில்லை. அவர் பக்கம் நின்ற அயலாரும் இருந்தனர். 1968-ல் ஊராட்சி மன்றம், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறபேதம் பாராட்டலாகாது என்று சட்டம் இயற்றியது. எல்லைத் தெருவுக்கு அப்பால் சிகாகோவில் இருந்த ஆஸ்டின் வட்டாரத்திலிருந்து வெள்ளையர்கள் வீடுகளை விற்று ஓடிய காலத்தில், ராபர்ட்டா ரேமண்ட் 1972-ல் நிறுவிய வீட்டுவசதி மையம், இரு நிறத்தாரும் ஊரின் எல்லாப் பகுதிகளிலும் கலந்து வாழும்படி இடைவிடாது பிரயாசைப்பட்டது. இவ்வாறு ஊர் மாறியதனால்தான் பள்ளியும் மாறிற்று.

ஆயினும் வாசலைத் திறந்தவுடன் காரியம் முடிந்துவிடவில்லை. இயக்குநர் ஸ்டீவ் ஜேம்ஸ் 2015-16 கல்வியாண்டு முழுவதும் இப்பள்ளியிலேயே படம்பிடித்து, 2018-ல் பத்துப் பகுதிகளாக வெளியிட்ட 'அமெரிக்கா டு மீ' என்ற ஆவணப்படம், ஒரே கூரையின் கீழ்ப் பயிலும் பிள்ளைகளுள் உயர்தர வகுப்புகளில் வெள்ளை மாணவரே மிகுந்திருப்பதையும், கறுப்பின மாணவரும் பெற்றோரும் அது குறித்துப் பேசுவதையும் ஒளிவின்றிக் காட்டியது. இதைக் கண்டு அப்பள்ளியின் பழம்பெருமையைக் குறைத்து மதிப்பிடுவது பிழை. ஒரு வைத்தியரின் மகனை எழுத்தாளனாக்கத்தக்க ஆசிரியையும் பத்திரிகையும் அங்கே இருந்தன என்பதாலேயே, அத்தகைய ஆசிரியையும் பத்திரிகையும் தமக்கும் வேண்டும் என்று பின்னால் வந்த பிள்ளைகள் உரிமையோடு கேட்கிறார்கள். ஊரார் அனைவரின் வரியால் நடக்கும் பள்ளி, அவை அவர்களுக்கு இல்லை என்று சொல்ல வழியில்லை. தன் மிகச்சிறந்த வகுப்பை எல்லோருக்கும் உரியதாக்குவதே அப்பள்ளி இன்னும் செய்து முடிக்க வேண்டிய கடமை.