மட்டாஞ்சேரி யூதப் பள்ளி

மட்டாஞ்சேரி யூதப் பள்ளி, கேரள மாநிலம் கொச்சியில் ஜூ டவுன் தெருவின் கோடியில் உள்ள யூத வழிபாட்டிடம் (சினகாக்). பரதேசி சினகாக் என்றும் அழைக்கப்படுகிறது. 1568இல் கட்டப்பட்டது. இந்துக்கள், கிறித்தவர்கள், முஸ்லிம்கள் எனப் பிற சமயத்தாரும் வந்து காணும் யூதத் தலம் இது.

செப்பேடும் தொடக்க வரலாறும்

கேரள யூதர் வரலாற்றின் முதன்மைச் சான்று, பொ.ஆ. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து (கொடுங்கல்லூர்) வழங்கிய செப்பேடு. ஈசுப்பு இரப்பான் என்ற யூதத் தலைவர் அதைப் பெற்றார். வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட அதன் வாசகத்தில் தமிழ் அறிந்தவருக்குப் பல சொற்கள் உடனே விளங்கும். அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் 72 சிறப்புரிமைகளும் ஈசுப்பு இரப்பானுக்கு அளிக்கப்பட்டன. பகல் விளக்கு, பாவாடை (நடைவிரிப்பு), பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் ஆகியவை அவற்றுள் அடங்கும். உல்கு (சுங்கம்), துலாக்கூலி (எடைக் கட்டணம்) ஆகிய வரிகளிலிருந்தும் அவருக்கு விலக்கு உண்டு. இவ்வுரிமைகள் ஆண்மக்களோடு பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும் தொடரும் எனச் செப்பேடு உறுதி கூறுகிறது. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு உள்ளிட்ட நாடுகளின் தலைவர்கள் சாட்சிகளாக இடம்பெற்றுள்ளனர். குறுநிலத் தலைவர்களுக்கு உரிய மதிப்பை வேற்றுச் சமய வணிகர் ஒருவருக்குச் சேர அரசு மனமுவந்து அளித்தது என்பதே இதன் பெருமை. இச்செப்பேட்டின் பிரதியை 2017இல் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாக அளித்தார்.

கொச்சியின் கொச்சங்காடியில் 1344இல் ஒரு சினகாக் எழுந்தது. அதன் எபிரேயக் கல்வெட்டு இன்று இப்பள்ளியின் சுற்றுச்சுவரில் பதிக்கப்பட்டுள்ளது. 16ஆம் நூற்றாண்டில் கொடுங்கல்லூரில் தாக்குதல்கள் பெருகவே யூதர் பலர் கொச்சிக்கு வந்தனர். கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு நிலம் வழங்கினார். அரண்மனை வளாகத்துப் பழயன்னூர் பகவதி கோயிலும் இப்பள்ளியும் அடுத்தடுத்து நிற்பதற்குக் காரணம் அதுவே. 1662இல் போர்த்துக்கீசியர் பள்ளியைச் சேதப்படுத்தினர். மறு ஆண்டு கொச்சி டச்சுக்காரர் வசமானபின் அது புதுப்பிக்கப்பட்டது.

அமைப்பு

மணிக்கூண்டும் தரை ஓடுகளும் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு வணிகம் செய்த எசெக்கியேல் ரஹாபி இவற்றை அமைத்தார். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள் கையால் வரையப்பட்டவை. கூடத்தின் நடுவே பித்தளைக் கம்பியழி சூழ்ந்த தேபா என்னும் மேடை உள்ளது. யூதர்களின் புனித நூலான தோராவின் சுருள்கள் ஹேகால் என்னும் செதுக்கு வேலைப்பாடுள்ள மரப்பேழையில் உள்ளன. மேலே கண்ணாடிச் சரவிளக்குகளும் எண்ணெய் விளக்குகளும் தொங்குகின்றன. மேல்மாடத்தில் இரண்டாவது தேபா இருப்பது கேரளச் சினகாக்குகளுக்கே உரிய அமைப்பு.

பிற சமயத்தார் வருகை

பார்வையாளர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஓடுகளின்மேல் நடந்து உள்ளே செல்கின்றனர். உலகின் பெரும்பாலான சினகாக்குகளில் இவ்வழக்கம் இல்லை. அண்டையிலுள்ள கோயிலுக்கும் மசூதிக்கும் செல்பவருக்கு இது பழகியதே. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். தேபாவில் ஏறுவதும் ஹேகாலின் திரையைத் தொடுவதும் தகாது. வெள்ளி பிற்பகலிலும், ஓய்வுநாளான சனிக்கிழமையிலும், யூதத் திருநாள்களிலும் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. ஆனால் தோரா வாசிப்பு நிறைவுறும் சிம்ஹத் தோராத் திருநாளில் அயலவர் வந்து கலந்துகொள்வது பழைய கொச்சி வழக்கம். அன்று சுருள்கள் எல்லாம் ஹேகாலுக்கு முன் அலங்கரித்து வைக்கப்படும். 1968இல் நடந்த 400ஆம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி பங்கேற்றார். நினைவு அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது.

பிற சமயத்தாரை வரவேற்ற இப்பள்ளி, யூதருக்குள்ளேயே வேற்றுமை பாராட்டியது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் முன்கூடத்தில்தான் அமரவேண்டியிருந்தது; தோரா வாசிக்கவும் அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. அப்பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) சத்தியாக்கிரக வழியில் இதை எதிர்த்தார். 20ஆம் நூற்றாண்டில் தடைகள் படிப்படியாக நீங்கின. வாசலில் எவருக்கும் காட்டிய அன்பு உள்ளிருப்போருக்கும் எட்டியதில் அவர் பங்கு பெரிது.

இன்றைய நிலை

1948க்குப் பின் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். முழுத் தொழுகைக்கு வேண்டிய பத்து ஆடவர் உள்ளூரில் இல்லை. வெளியூர் யூதர்கள் வரும்போதே எண்ணிக்கை நிறைகிறது.