ஷுமானின் வயலின் கொன்சேட்டோவும் யோவாக்கிமின் தீர்ப்பும்

மேனாட்டுச் செவ்வியல் இசையில் வயலினுக்குரிய உயர்ந்த வடிவம் கொன்சேட்டோ ஆகும். தனியொரு வயலின் பெரும் வாத்தியக்குழுவோடு இணைந்தும் எதிர்நின்றும் இசைக்கும் உருப்படி அது. இவ்வகையில் தலைசிறந்தவை எவை என்பது பற்றி 1906ஆம் ஆண்டில் யோசப் யோவாக்கிம் கூறியது இன்றும் எடுத்தாளப்படுகின்றது. ஜேர்மானியரிடம் நான்கு கொன்சேட்டோக்கள் உள என்றார் அவர்: பீத்தோவன், பிராம்ஸ், புறூக், மெண்டல்சன் ஆகியோருடையவை. றொபேட் ஷுமானின் பெயர் அப்பட்டியலில் இல்லை. ஆனால், ஷுமான் தம் கொன்சேட்டோவை எழுதியது இதே யோவாக்கிமுக்காகவே. அதன் கையெழுத்துப் பிரதி இருந்ததும் அவரிடமே.

யோவாக்கிமின் சொல்லுக்கு அத்துணை மதிப்பு ஏற்பட்டமைக்குத் தக்க காரணம் உண்டு. பீத்தோவனின் கொன்சேட்டோ 1806இல் வியன்னாவில் அரங்கேறியபின் ஏறத்தாழ மறக்கப்பட்டே கிடந்தது. 1844இல் லண்டனில், மெண்டல்சன் வாத்தியக்குழுவை நெறிப்படுத்த, பதின்மூன்று வயது நிரம்பாத யோவாக்கிம் அதனை வாசித்தார். அதன் மறுவாழ்வு அன்றே தொடங்கிற்று எனலாம். 1879இல் பிராம்ஸின் கொன்சேட்டோவை அரங்கேற்றியவரும் அவரே. ஒரு படைப்பை வாழவைக்கும் ஆற்றல் அக்கலைஞரின் வில்லுக்கு இருந்தது. வாழவிடாது தடுக்கும் ஆற்றலும் அதற்கே இருந்தது என்பதை ஷுமானின் படைப்பு காட்டுகின்றது.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், இரண்டு வாரங்களுக்குள் ஷுமான் அதனை எழுதி முடித்தார். மறு ஆண்டு பெப்ரவரியில் மனநிலை குலைந்து றைன் நதியில் வீழ்ந்தார். காப்பாற்றப்பட்டு, 1856இல் மனநோய் மருத்துவமனையிலேயே மறைந்தார். அதன்பின் அவருடைய மனைவி கிளாரா, நண்பர் பிராம்ஸ், யோவாக்கிம் ஆகிய மூவரும் இப்படைப்பை வெளியிடாது விடுவதென முடிவு செய்தனர். சோர்வுற்ற உள்ளத்தின் ஆக்கம் என்பது யோவாக்கிமின் கருத்து. இறுதிப் பகுதி வயலினுக்கு இடர்தருவது என்பது உண்மையே. ஆயினும் நடுப்பகுதியின் மெல்லிசையைக் கேட்போர் அதில் நோயைக் காண்பது அரிது. நோயாளியின் பிற்கால ஆக்கம் என்ற அச்சமே செவியை முந்திவிட்டது போலும். ஷுமானின் புகழைக் காக்க எண்ணிய அன்பு, அவருடைய குரலொன்றையே அடக்கிவிட்டது.

யோவாக்கிம் 1907இல் மறைந்தபின் கையெழுத்துப் பிரதி பேர்லின் அரச நூலகத்தை அடைந்தது. ஷுமான் மறைந்து நூறாண்டு நிறையுமுன் வெளியிடலாகாது என்று நிபந்தனையும் விதிக்கப்பட்டது. (1933இல் ஆவிகளின் வாயிலாகவே இப்படைப்பு வெளிப்பட்டது என லண்டனில் எழுந்த கதையை வரலாறு கருத்திற் கொள்ள வேண்டியதில்லை.) நிபந்தனையை உடைத்தது இசையார்வம் மட்டுமன்று. மெண்டல்சன் யூதர் என்பதால் அவருடைய இசையை நாஸி ஆட்சி விலக்கியிருந்தது. லைப்சிக்கில் இருந்த அவரது சிலையும் 1936இல் அகற்றப்பட்டது. மக்கள் விரும்பிய மெண்டல்சனின் கொன்சேட்டோவிற்கு ஈடாக 'தூய ஜேர்மானியப்' படைப்பொன்று அவ்வாட்சிக்கு வேண்டியிருந்தது.

ஷுமானின் மகள் இயூஜீனியின் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது, 1937 நவம்பர் 26ஆம் திகதி கோயபல்ஸ் உரையாற்றிய அரச விழாவில் அப்படைப்பு அரங்கேறிற்று. வாசித்த கூலன்காம்ப், வயலின் பகுதியைப் பல இடங்களில் மாற்றியிருந்தார். யூதக் குடும்பத்திற் பிறந்த யோவாக்கிமுக்கென எழுதப்பட்ட இசை அது என்பதை அவ்விழா மறந்துவிட்டது.

பத்து நாட்களின் பின், டிசெம்பர் 6ஆம் திகதி, நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் யெகூடி மெனூகின் என்னும் இருபத்தொரு வயது யூத இளைஞர், பியானோவின் துணையோடு, ஷுமான் எழுதிய மூலப் பாடத்தையே வாசித்தார்.